ஸ்டெம் செல் அதிசயமும் நாலு பாட்டில் ஆல்புமினும்

ஊருக்குப் போனால் சொந்தத்தில் யாருக்காவது ஆஸ்பத்திரி ஃபைல் தூக்குவது தெரிந்த கதைதான். இந்த முறை சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோயின் ஃபைல். ரத்தம், ஸ்கேன் எல்லாம் மளமளவென்று முடிந்தது, அதை விடுங்கள். ஆத்திரம் மூட்டியது, கல்லீரலைத் தேற்றுவதாகச் சொல்லி ஸ்டெம் செல் (மூல உயிரணு) ஏற்றும் கிளினிக்கில், ஆலோசகர் மாதிரிக்கு நீட்டிய ஒரு நோயாளியின் தாள். கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின், செல் ஏற்றுவதற்கு முன் 2.4, பத்தாம் நாள் 3.1. "பாத்தீங்களா சார், செல் வேலை செய்யுது!"

தாளைத் திருப்பினால் மருந்துப் பட்டியல். அதே வாரத்தில் 20 சதவீத ஆல்புமின், 100 மில்லி பாட்டில் நாலு. பாட்டிலுக்கு 20 கிராம். ஏற்றிய ஆல்புமின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகும். பத்தாம் நாள் எண் ஏறாமல் என்ன செய்யும்? கூடவே வைட்டமின் கே ஊசி. அந்தச் சத்துக் குறைவு இருந்தவருக்கு, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் அதிலேயே இறங்கும். குடியை விட்டாலோ, ஹெபடைடிஸ் பி-க்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தைத் தொடங்கினாலோ, சில மாதத்தில் மஞ்சள் காமாலை நிறமியான பிலிரூபினும் பலருக்குக் குறையும்.

இதையெல்லாம் கழித்துப் பார்க்கத்தான் ஆய்வில் செல் ஏற்றாத குழு ஒன்றையும் வைக்கிறார்கள். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 81 பேர். ஒரு குழுவுக்கு அவரவர் ரத்தத்திலிருந்து பிரித்த சிடி133 என்ற வகை ஸ்டெம் செல்லை மூன்று தடவை ஏற்றியும், கல்லீரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்ட் ஸ்கோர் தேறவில்லை. கடுமையான பக்கவிளைவுதான் கூடியது. தொப்புள்கொடி செல்லில் சில சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கை ரத்தக்குழாயில் ஏற்றும் செல்லில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில்தான் சிக்கும்.

கிலோ எடைக்கு எத்தனை மில்லியன் செல்? உறைநிலையிலிருந்து உருக்கியபின் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது? ஆய்வுப் பதிவு எண் என்ன? ஆலோசகரிடம் கேட்டேன். "டாக்டர் வந்து சொல்வார்." டாக்டர் வரவேயில்லை. வெளிநாட்டில் டாக்டரின் சந்திப்பு கிடைக்கவே மாதக்கணக்கில் காய வேண்டும், அது தனி எரிச்சல். ஆனாலும் ஆய்வில் சேர்ப்பதென்றால் பல பக்க ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கே கொடுத்து, படித்துவிட்டு வா என்பார்கள்.

முந்தியெல்லாம் குடும்ப டாக்டர் வயிற்றைத் தட்டி, காலை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்து, "உப்பைக் குறை, பெரிய டாக்டரைப் பார்" என்று அரைத் தாளில் எழுதித் தருவார். இந்தத் தடித்த ஃபைலில் உணவுக்குழாய் ரத்தநாள வீக்கத்துக்கு எண்டோஸ்கோப்பி இல்லை. புற்றுநோய்க்காக ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்க வேண்டிய அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் இல்லை. மெல்ட் 15-ஐத் தாண்டியிருந்தும், கல்லீரல் மாற்று அறுவைக் குழுவுக்கு ஒரு கடிதம்கூட இல்லை.