கிணற்று வழக்கும் மக்கள் நீதிமன்றமும்: ஓர் அனுபவ மதிப்புரை

வேலூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், கூட்டுக் கிணற்றின் தண்ணீர் முறை குறித்து என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆறு ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கு, மக்கள் நீதிமன்றத்தின் (லோக் அதாலத்) ஒரே அமர்வில் சமரசமாக முடிந்தது. இந்தச் சேவையை நாட நினைப்பவர்களுக்காக, அங்கே கண்டதை எழுதுகிறேன்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி அமையும் இந்த அமர்வில், பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதியோடு வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ உறுப்பினராக அமர்கிறார். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுமக்களில் சிலர் அமர்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் ஜூரி முறைக்கு இடமில்லாமல் போன பிறகு, சட்டம் படிக்காத ஒருவர் நீதிபதிக்கு அருகில் அமர்ந்து வழக்கைப் பேசக்கூடிய வெகுசில இடங்களில் இதுவும் ஒன்று. அந்த ஓர் இருக்கைதான் எங்கள் வழக்கை முடித்தது என்பது என் உறுதியான கருத்து.

அதில் இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வழக்குக் கட்டுகளைப் புரட்டாமல், “மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவை யார் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். வாதத்திலோ எதிர்வாதத்திலோ அந்தப் பேச்சே இல்லை. சித்தப்பாவுக்குக் குரல் உடைந்தது: “மூணு தடவை நானேதாம்மா கட்டினேன்.” அப்பா திரும்பி, “கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனாடா?” என்றார். ஆறு ஆண்டுகளாகத் தண்ணீர் வழக்கு என்று நாங்கள் நினைத்திருந்தது அந்தச் செலவுக் கணக்கின் மனக்குறைதான்.

பிறகு தலைமையாசிரியை, “தினமும் மோட்டார் போடுவது யார்?” என்றார். பின்வரிசையில் நின்ற சித்தியை அழைத்து, முன்னால் உட்கார வைத்தார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், மணிக்கணக்கில் பங்கு பிரித்தால் ஒருவர் வயல் காயும் என்று சித்தி விளக்கினார். காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை ஒருவர் முறை, அடுத்த நாள் மற்றவர் முறை, பழுதுச் செலவும் தூர்வாரும் செலவும் சரிபாதி என்று அவர் சொன்னபடியே எழுதப்பட்டது.

வேலூருக்கு அருகே உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. திருமணத்தில் பொன் வாங்குவதில்லை, கன்னிகாதானமாகவே பெண் கொடுப்பது என்று படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் தங்களுக்குள் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு அது. கட்டுப்பட வேண்டியவர்களே விதியை வகுக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த விதி யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அந்தப் பெண்களின் குரல் அதில் இல்லை. சித்தியின் சொல் தீர்வில் ஏறியதை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

குறை என்றால் நேரம். காத்திருந்த வழக்குகள் பல இருந்தும், எங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தது அந்த அம்மையாரின் பிடிவாதத்தால். மக்கள் நீதிமன்றம் சமரசம் செய்துவைக்கலாமே தவிர, தானாகத் தீர்ப்பு வழங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஜலூர் சிங் வழக்கில் தெளிவாக்கியது. எனவே மனம்விட்டுப் பேச அவகாசம் இல்லாவிட்டால் அமர்வுக்கே பொருளில்லை. இன்னொன்று, ஊரை அறிந்த உறுப்பினர்கள், குறிப்பாகப் பெண்கள், மேலும் பலர் இந்த இருக்கைக்கு வர வேண்டும்.

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எங்கள் தரப்பில் தட்டச்சு செய்த சமரச மனுவில் சர்வே எண்ணின் உட்பிரிவு தவறாக இருந்ததைக் கையெழுத்துக்குச் சற்று முன்னர்தான் கவனித்துத் திருத்தினோம். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துப் பாருங்கள். நிலுவையில் உள்ள வழக்கு இப்படி முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்குரிய சான்றை அன்றே கேட்டு வாங்குங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.