ராயபுரம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம்: ஆறு மாத அனுபவம்

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் மொட்டைமாடியில் இயங்கும் இந்தப் பயிற்சிக்கூடத்தில், 75 கிலோ எடையுள்ள என்னை 95 கிலோக்காரருடன் மோதவிட்ட பயிற்சியாளர், குரூசர்வெயிட் என்ற சற்றுக் குறைந்த எடைப்பிரிவிலிருந்து உயர்ந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஹோலிஃபீல்ட் 1990இல் அதற்கு மேலுள்ள ஹெவிவெயிட் பிரிவில் பட்டம் வென்றதைச் சொல்லி, கோணம் மாற்றி விலகும் காலசைவைப் பொறுமையாகக் கற்பித்தார். கொடுத்த கட்டணம் அதற்கே தகும். ஆனால், எதிராளி என் பிடரியில் கைபோட்டு அழுத்தித் தன் பாரம் முழுவதையும் என்மேல் சாய்த்தபோது, அது விதிமீறல் என்று தெரிந்தும் பயிற்சியாளர் நிறுத்தவில்லை. “நீயும் தலையால் முட்டு, தம்பி” என்றார். ஹோலிஃபீல்டின் தலைமுட்டல்களைக் காரணம் காட்டித்தான், 1997இல் நடந்த போட்டியில் அவர் காதைக் கடித்துத் தகுதியிழந்த குத்துச்சண்டை வீரர் மைக் டைசனும் தன்னை நியாயப்படுத்தினார். இந்த விஷயத்தில் பயிற்சியாளரை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுக் கையுறைகளில் வியர்வை வாடை தாங்காது. 16 அவுன்ஸில் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிச் செல்லுங்கள்.