டோட்டோ எழுத்துருவுடன் ஓராண்டு

டோட்டோ எழுத்துருவைக் கடந்த ஓராண்டாக வாரம் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். ஓலிவர் லாலன் வடிவமைத்த இது கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. புள்ளி விளக்குகளால் எழுத்தைக் காட்டும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பலகைகளைப் போலவே, ஒவ்வொரு எழுத்தும் 6-க்கு 10 என்ற புள்ளிக் கட்டத்துக்குள் அமைந்திருக்கிறது. எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம்.

புள்ளி எழுத்துருக்கள் முன்பும் பல இருந்தன. ஆனால் நான் வாங்கி வைத்திருந்தவற்றில் புள்ளியின் பருமனை மாற்ற வழியே இல்லை. டோட்டோ ஒரு வேரியபிள் ஃபான்ட், அதாவது வடிவத்தை இடைவிடாமல் மாற்றிக்கொள்ளக்கூடிய எழுத்துரு, என்பதால், தடிமனை 100-லிருந்து 900 வரை கூட்டிக்கொண்டே போனால், புள்ளி தன் இடத்தைவிட்டு நகராமல் பருத்துக்கொண்டே வருகிறது. இன்னொரு அளவுகோல் சதுரப் புள்ளியைப் படிப்படியாக வட்டமாக்குகிறது. ஒரு கண்காட்சிக்காக நான் செய்த நேரங்காட்டியில், நிமிடம் மாறும் கணத்தில் மட்டும் இலக்கங்களின் தடிமனை 300-லிருந்து 900-க்கு உயர்த்தி இறக்கினேன். 1 வந்தாலும் 8 வந்தாலும் பக்கத்து இலக்கம் இம்மியும் அசையவில்லை. விளக்குப் பலகை ஒன்று மூச்சு விடுவதைப் போன்ற அந்த அழகை வேறெந்த எழுத்துருவிலும் நான் பெற்றதில்லை.

பத்தி எழுத இது உதவாது. சிறிய அளவில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் படலமாகிவிடுகின்றன. புள்ளிகள் முழுப் பிக்சலில் விழாத அளவைத் தேர்ந்தால், ஒரு வரிசை கனத்தும் அடுத்தது மெலிந்தும் தெரிகிறது. ஆகவே 40 பிக்சலுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. இறுதி செய்யும் முன் கைபேசியிலும் கணினியிலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

திரைக்கு வெளியே பொருளைப் பொறுத்துத்தான் பலன். ஒரு கடையின் ஒன்பது எழுத்து ஆங்கிலப் பெயரை வினைல் ஒட்டுத்தாளில் வெட்டி ஒட்டக் கொடுத்தது என் தவறான முடிவு. ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டாக வந்ததால், வேண்டாத பகுதியை உரித்தெடுக்கவே அரை நாள் ஆனது; சில வாரங்களில் ‘ஆர்’ எழுத்தின் காலிலிருந்த புள்ளிகள் உதிர்ந்து, அது ‘பி’ ஆகிவிட்டது. அதே பெயரை லேசரால் மரப்பலகையில் பொறித்தபோது, ஒவ்வொரு புள்ளியும் சிறு குழியாகப் பதிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் பிடித்து நின்றது. இப்போது கடைவாசலில் இருப்பது அந்தப் பலகைதான்.

தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. ‘ஞ’வின் சுழியையும் ‘ணை’யின் நீளத்தையும் இத்தனை சிறிய கட்டத்துக்குள் அடக்குவது எளிதன்று என்பதால், நான் குறை சொல்லவில்லை. இருமொழிப் பலகைகளில் எண்களையும் ஆங்கிலத்தையும் டோட்டோவில் வைத்து, தமிழுக்கு முக்தா மலர் என்ற எழுத்துருவின் மெல்லிய வடிவத்தைப் பயன்படுத்துகிறேன். தமிழைக் கனமாக வைத்தால் பக்கத்திலிருக்கும் புள்ளி எழுத்து வெளிறிப்போகிறது. மெல்லியதாக வைத்து டோட்டோவை 700-க்கு உயர்த்தும்போது இரண்டும் ஒரே அடர்த்தியில் அமர்கின்றன.