சோளகக் காலத்தில் திருகோணமலை: தூண்டிலோடு ஆழ்கடலுக்கு

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் திருகோணமலைக் கடல் தூண்டிலுக்கு வாய்ப்பாக இருக்கிறது. சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கையும் தெற்கையும் புரட்டியெடுக்கும் நாட்களில் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் காலங்காலமாக இந்தப் பருவத்தில் இங்கே வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) அடித்துத் தொழில் செய்வதும் இதனால்தான். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கதை தலைகீழ். டிசம்பரில் கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் தூண்டிலைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வரலாம்.

இங்கே இன்னொரு வசதி, ஆழத்தைத் தேடி வெகுதூரம் ஓட வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கிச் செல்கிறது. கோணேசர் கோயில் மலை கண்ணில் இருக்கும்போதே வள்ளத்தின் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீர். திமிங்கலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் இந்த ஆழத்தால்தான். பாறைத் திட்டுகளின் ஓரத்தில் பாரையும் கலவாயும், வெளியே போனால் அறுக்குளா, சூரை, யோகம் இருந்தால் மயில்மீன்.

கடலில் குறை இல்லை. குறையெல்லாம் கரையில்.

முதல் பயணத்தை நான் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசை மூலமாகவே ஒழுங்கு செய்தேன். கேட்ட தொகை கனடா விலை. கடலில் வள்ளத்தின் ஓட்டியோடு பேச்சுக் கொடுத்தபோதுதான் அதில் பாதிகூட அவர் கைக்கு வரவில்லை என்று தெரிந்தது. அடுத்த பயணத்துக்கு மச்சான் முறையான ஒருவர் மூலம் அதே வள்ளத்தை நேரடியாகப் பேசினோம். விலை குறைந்தது, ஓட்டிக்குக் கிடைத்ததோ கூடியது. மலிவாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் வள்ள எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குத் தாவியதை இங்கே எந்தச் சம்மாட்டியும் (வள்ள முதலாளியும்) மறக்கவில்லை. பேரம் பேசுகிறவர்கள் எண்ணெய்ச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுவது நியாயம்.

விடுதி தந்த தூண்டில்கள் வெறும் அலங்காரம். உப்பு ஏறி ரீலின் பிரேக் இறுகிப்போயிருந்தது. பெரிய பாரை ஒன்று பொப்பரை (நீர்மட்டத்தில் துள்ளும் செயற்கை இரையை) வெடித்தாற்போல் அடித்து இழுத்தபோது நூல் கொஞ்சமும் விடாமல் பட்டென்று அறுந்தது. ஓட்டியோ பலகையில் சுற்றிய தங்கூசியில் (நைலோன் நூலில்) சூடை மீனை இரையாகக் குத்தி, வெறுங்கையால் அறுக்குளா ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல ரீலும் ஒற்றைக் கொக்கிகளும் கொண்டுபோவது பயணப்பெட்டியில் சொக்கலேட் அடைப்பதைவிடப் பயனுள்ளது.

ஓட்டியின் அறிவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். திசைகாட்டும் கருவி அவரிடம் இருந்தது, ஆனால் அதைப் பார்த்ததாக நினைவில்லை. கரையில் ஒரு கோபுரத்தையும் பின்னால் ஒரு குன்றையும் நேர்கோட்டில் பிடித்து, "அண்ணை, பார் இங்கேதான்" என்று எஞ்சினை நிறுத்துவார். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. கடற்பறவைகள் தாழப் பறக்கும் திசைக்கு வள்ளத்தைத் திருப்பினால் அடியில் சூரைக் கூட்டம். விடியுமுன் இறங்கி, வெயில் ஏறிக் கடற்காற்று எழும்புவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. உயிர்காப்பு அங்கி கேட்டபோது சிரித்தார். கேட்டபடியால் எடுத்துவந்தார், கேட்காவிட்டால் வந்திராது. பிள்ளைகளோடு போகிறவர்கள் வள்ளத்தில் கால் வைக்குமுன் அங்கிகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் பயணத்தில் என் சொந்த ரீலில் பாரை ஒன்று ஏறியது. நெடுநேரம் இழுபறி. தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. படம் எடுத்ததும் பெரிய பாரையைத் திரும்பக் கடலில் விடுவது விளையாட்டு மீன்பிடிகாரர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். ஓட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "அது எங்கள் வீட்டில் நாலு நாள் கறி அண்ணை" என்றார். முட்டைக்காரப் பெரிய மீனைக் கடலில் விட்டால்தான் அடுத்த பருவத்துக்கு மீன் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஏற்றுக்கொள்ளவில்லை. பாரை கூடிய வள்ளத்துக்குத்தான் வெளிநாட்டார் திரும்ப வருவார்கள் என்ற கணக்கு சம்மாட்டிக்குப் புரியும். கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகு புறப்படுமுன்பே பேசிக்கொண்டோம்: பெரிய பாரை கடலுக்கு, அறுக்குளாவும் சூரையும் அவருக்கு, எங்களுக்கு ஒரு வேளைக் கறிக்கு மட்டும். வாடகையோடு இதையும் பேசி முடித்துவிடுங்கள்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றித் தூண்டில் போடக் கேட்காதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று கூட்டிப்போக முன்வரும் இளைஞர்கள் கரையில் உண்டு. பிடிபட்டால் வள்ளமும் தொழிலும் போவது உள்ளூர்க்காரனுக்குத்தான், நாம் விமானம் ஏறிவிடுவோம்.