குன்சும் கணவாய்க்கு வாடகை தார்: வண்டி சூப்பர், ஸ்டெப்னி படுமோசம்

மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக இமாச்சலின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலுள்ள காசா ஊருக்குப் போவதற்கு செல்ஃப் டிரைவில் டீசல் மஹிந்திரா தார் ஜீப் எடுத்தோம். கடைப் பெயர் வேண்டாம். வண்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை, கொடுத்த விதத்தில்தான் எல்லாக் குறையும்.

அடல் சுரங்கத்தைத் தாண்டி கிராம்ஃபூ வரை எந்தக் காரும் போகும். அங்கே காசா ரோட்டில் திரும்பியதும் சந்திரா ஆற்றை ஒட்டி ஜல்லி, உருட்டுக்கல், புழுதி, பாதிக்கு மேல் முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். சத்ரூ பக்கம் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடுகின்றன. காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருக உருக மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும், அதனால் விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். தண்ணீரில் இறங்கும்போது முதல் கியரில் ஒரே சீராக ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். தண்ணீருக்குள் கல் உருளும் சத்தம் காலடியில் கடகடவென்று கேட்கும், அதற்குப் பயந்து நடுவில் காலை எடுத்தால் போச்சு. முன்னால் போகிற வண்டி கரையேறும் வரை காத்திருங்கள், அது எந்தப் பக்கம் அமுங்குகிறது என்று பார்த்தாலே ஆழம் தெரிந்துவிடும்.

பாதலுக்கு அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். குன்சும் 4,551 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூட இருக்காது. நமக்குத்தான் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் வண்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. உச்சியில் ஒரு பக்கம் பனிமலை வரிசை, இன்னொரு பக்கம் புல் பூண்டு இல்லாத காவி நிற ஸ்பிட்டி. இதற்காகவே எத்தனை குலுக்கலையும் தாங்கலாம்.

சரி, கடை விஷயம். லோசர் இறக்கத்தில் பின் டயரின் பக்கவாட்டைக் கூர்க்கல் கிழித்தது, இந்த ரோட்டில் அது சகஜம். ஸ்டெப்னியைக் கழற்றினால் மொட்டை டயர், ஜாக்கியோ பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டது. எதிரே வந்த டெம்போ டிரைவர் அண்ணன் தன் ஜாக்கியைக் கொடுத்து, கூடவே நின்று மாட்டியும் விட்டார். இத்தனைக்கும் திருப்பி விட்டபோது அடியில் கீறல் என்று கடைக்காரர் அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். ஜல்லி ரோட்டுக்கென்றே வாடகைக்கு விடும் வண்டியில் கீறல் விழாமல் வேறென்ன விழும்?

எங்கே எடுத்தாலும் ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள், ஜாக்கியை அங்கேயே ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், வண்டியின் அடிப்பாகத்தை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மணாலியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், அந்த மலைப்பாதையில் காசா வரை பங்க் கிடையாது.