டிஆர் விற்றார்கள், தேவைப்பட்ட இரவில் எழவில்லை: ஹைப்ரிட் கிளவுட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஹைப்ரிட் கிளவுடில் (சொந்த டேட்டா சென்டரும் வெளி நிறுவனத்தின் கிளவுடும் சேர்ந்த அமைப்பு) டிஆர், அதாவது முதல் தளம் விழுந்தால் இன்னொரு தளத்தில் வேலையை எழுப்பும் பேரிடர் மீட்புச் சேவை வாங்கியிருந்தாலும் சரி, இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் சரி, இதைப் படித்துவிட்டு உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாங்கள் பணம் ஒழுங்காகக் கட்டினோம். மாதாமாதம் 'நூறு சதவீதம் பாதுகாப்பு' என்று அறிக்கையும் ஒழுங்காக வந்தது. முதல் தளம் விழுந்தபோது மீட்புத் தளம் எழவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அந்த வடிவமைப்புதான் முக்கியம். அதே வடிவமைப்பை வேறு யார் வேண்டுமானாலும் உங்களுக்கு விற்கலாம்.

எங்கள் விஎம்வேர் கிளஸ்டர் (ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள் போட்ட சர்வர் கூட்டம்) சொந்த டேட்டா சென்டரில் ஓடுகிறது. மீட்புத் தளம் அவர்களுடைய கிளவுடில். வடிவமைத்தது, நிறுவியது, இரண்டு பக்கமும் பேட்ச் போட்டுப் பராமரிப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு. விற்கும்போது மூன்று வாக்குறுதி தந்தார்கள். முக்கியமான விஎம்கள் 15 நிமிட ஆர்பிஓவில் ரெப்ளிகேட் ஆகும் (நகல் தொடர்ந்து மீட்புத் தளத்துக்குப் போகும்), அதாவது என்ன நடந்தாலும் கடைசி 15 நிமிட டேட்டாவுக்கு மேல் போகாது. டெம்ப்ளேட் (புதிய விஎம் எழுப்புவதற்கான மாதிரி), ஐஎஸ்ஓ (நிறுவல் டிஸ்க்கின் ஃபைல்), ஸ்கிரிப்ட் எல்லாம் கன்டென்ட் லைப்ரரி என்ற களஞ்சியம் மூலம் இரண்டு தளத்துக்கும் பொதுவாக இருக்கும். இரவு பகல் எந்நேரமும் சப்போர்ட் உண்டு, 4 மணி நேரத்தில் மீட்பு முடியும்.

ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களும் ஓர் இரவில் அடுத்தடுத்து விழுந்தன. விஎம்களை ஓட்டும் சர்வர்களான ஹோஸ்ட்கள் உயிரோடு இருந்தன, விஎம் ஃபைல்கள் இருக்கும் டேட்டாஸ்டோர் ஒன்றுகூட இல்லை. ஹோஸ்ட் கிளையன்ட்டில் நேராக நுழைந்து பார்த்தால், விஎம் பட்டியல் முழுக்க 'இன்வேலிட்' என்று கிடந்தது. எல்லா ஹோஸ்ட்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரும் அதே ஸ்டோரேஜில்தான் இருந்தது. இப்படி ஒரு நிலைமைக்காகத்தானே டிஆர் என்று பதறாமல் சப்போர்ட்டைக் கூப்பிட்டோம்.

டிக்கெட் உடனே பதிவானது. ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் 'உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு மெயிலும் வந்தது. அந்த மெயிலோடு அவர்கள் கணக்கில் 'ரெஸ்பான்ஸ்' முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்த நேர உத்தரவாதம் பதில் சொல்வதற்கு மட்டும்தான், சிக்கலைத் தீர்ப்பதற்கு இல்லை. முதல் நிலை இன்ஜினியர் போனில் வந்தார். "சார், விசென்டர் லாக் பண்டில் அப்லோட் பண்ணுங்க, அது இருந்தாதான் அடுத்த லெவலுக்கு அனுப்ப முடியும்" என்றார். அந்தப் பதிவுக் கோப்புகளை எடுக்க விசென்டரே எழவில்லை என்றுதானே கூப்பிட்டிருக்கிறோம் என்று சொன்னோம். படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பாமல் டிக்கெட் நகராது என்றார். ஷிப்ட் மாறியதும் அடுத்தவர் வந்து அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கொடுத்த தாளில் இருந்ததைத்தான் அவர்கள் படித்தார்கள். பேரிடர் நேரத்துக்கு வேறு தாள் வேண்டும் என்று யோசிக்காமல் 'எந்நேரமும் சப்போர்ட்' என்று விற்றவர்கள்மேல்தான் கோபம்.

இரண்டாம் நிலைக்குப் போனதும் உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் ரெப்ளிகேஷன். போர்ட்டலில் எல்லா விஎம்களுக்கும் எதிரே பச்சை டிக் இருந்தது. அந்த டிக்குக்கு 'ரெப்ளிகேஷன் அமைக்கப்பட்டிருக்கிறது' என்று மட்டுமே பொருளாம். கடைசியாக முழுசாகப் போய்ச் சேர்ந்த நகல் எப்போதையது என்பதை அந்தத் திரை காட்டவே இல்லை. பெரிய டேட்டாபேஸ் விஎம்களுக்கு ஆர்பிஓ மீறல் எச்சரிக்கை நெடுநாளாக வந்துகொண்டிருந்தது. மாறும் டேட்டாவின் அளவுக்கு லிங்கின் வேகம் போதவில்லை. அந்த எச்சரிக்கைகள் அவர்களுடைய மானிட்டரிங்கில் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டன. எங்களுக்கு வந்ததெல்லாம் பச்சை டிக் போட்ட பிடிஎஃப்தான். கிடைத்த நகல் 15 நிமிடத்துக்கு முந்தையது அல்ல, ஒரு நாளுக்கும் மேல் பழையது.

அடுத்தது கன்டென்ட் லைப்ரரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொறி எளிதில் கண்ணில் படாது. ஒரு விசென்டரில் லைப்ரரியைப் பப்ளிஷ் செய்து, இன்னொரு விசென்டரில் அதற்குச் சப்ஸ்கிரைப் செய்யும்போது இரண்டு வழி உண்டு. உள்ளடக்கம் முழுவதையும் உடனே இறக்கி வைத்துக்கொள்வது ஒன்று, தேவைப்படும்போது மட்டும் இறக்குவது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சப்ஸ்கிரைபர் பக்கத்தில் பெயர், அளவு, தேதி போன்ற விவரங்கள் மட்டும்தான் இருக்கும். ஃபைல் மூல தளத்திலேயே இருக்கும். இட மிச்சத்துக்காகக் கிளை அலுவலகங்களில் இப்படிச் செய்வதில் தப்பே இல்லை. மீட்புத் தளத்தில் செய்தால், மூல தளம் செத்த நாளில் கையில் மிஞ்சுவது வெறும் பெயர்ப்பட்டியல்.

எங்களுக்கு அதைத்தான் செய்து வைத்திருந்தார்கள். வெப் அடுக்கில் உள்ள விஎம்களை ரெப்ளிகேட் செய்ய வேண்டாம், மீட்பு நேரத்தில் டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாக எழுப்பிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதும் அவர்கள்தான். அந்த இரவில் லைப்ரரியைத் திறந்தால் எல்லா டெம்ப்ளேட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றின்மேல் டெப்ளாய் கொடுத்ததும் டாஸ்க் தொடங்கியது, செத்துக் கிடக்கும் எங்கள் விசென்டரைத் தேடிப் போனது, டைம் அவுட் ஆகி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஃபைல் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் பத்தியைப் பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை 'நோ'.

இத்தனைக்கும் டிஆர் டிரில் நடத்திக் காட்டி, கையெழுத்தோடு அறிக்கை கொடுத்தவர்கள் இவர்கள். அந்த டிரில் எப்படித் தேறியது? முதல் தளம் உயிரோடு இருக்கும்போதே, தனி நெட்வொர்க்கில் விஎம்களை எழுப்பிக் காட்டினார்கள். டெம்ப்ளேட் இங்கிருந்து இறங்கியது. டிஎன்எஸ் (பெயருக்கு உரிய சர்வர் முகவரியைச் சொல்லும் சேவை) இங்கிருந்து பதில் சொன்னது. விர்ச்சுவல் டிபிஎம் (ரகசியச் சாவிகளைக் காக்கும் மெய்நிகர் சிப்) வைத்த விஎம்களின் சாவியை இங்கிருந்த கீ சர்வர் கொடுத்தது. மீட்புச் செயல்முறை ஆவணமும் எங்கள் ஃபைல் சர்வரில்தான் இருந்தது. மீட்புத் தளம் என்று நாங்கள் வாங்கியது, ஒவ்வொரு அடிக்கும் முதல் தளத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒன்றை. முதல் தளத்துக்குப் போகும் லிங்கை முழுக்கத் துண்டித்துவிட்டு டிரில் நடத்தியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். இது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

டிரிலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தை விஎம்வேரின் மென்பொருள் தொகுப்பான விஸ்பியரின் 8-ஆம் பதிப்புக்கு உயர்த்தி, சில விஎம்களின் ஹார்டுவேர் வெர்ஷனையும் (விஎம்முக்குத் தரப்படும் மெய்நிகர் வன்பொருளின் பதிப்பு) 20 ஆக்கினார்கள். மீட்புத் தளமோ விஸ்பியர் 7-லேயே நின்றது. ஹார்டுவேர் வெர்ஷன் 20 உள்ள விஎம் ஈஎஸ்எக்ஸ்ஐ 7-ல் (விஸ்பியர் 7-ல் ஹோஸ்ட்களில் ஓடும் மென்பொருள்) ஓடாது. இது தயாரிப்பாளரின் பட்டியலில் அச்சாகி இருக்கும் செய்தி. நகல் வந்து சேர்ந்திருந்த சில விஎம்கள் இந்த ஒரே காரணத்தால் பவர் ஆன் ஆகவில்லை. சரி, தயாரிப்பாளரிடமே சப்போர்ட் கேஸ் போடுங்கள் என்றோம். விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அந்த கிளஸ்டருக்கு இப்போது கேஸ் போட முடியாது என்றார்கள். ஆதரவு முடிந்த தளத்துக்கு எங்களிடம் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இப்படித்தான் தெரியவந்தது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து, எந்த லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, கேஸ் போடும் உரிமை யாருக்கு என்ற குழப்பம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் மீட்புத் தளத்துக்கு அந்த உரிமை இன்றைய தேதியில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்களைக் காப்பாற்றியது தனியாக வைத்திருந்த பேக்கப். 'ரெப்ளிகேஷன் இருக்கும்போது தனி பேக்கப் எதற்கு, வீண் செலவு' என்று அவர்களுடைய விற்பனையாளர் பலமுறை சொல்லியும் நாங்கள் அதை நிறுத்தவில்லை. யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிய களஞ்சியத்தில், வேறு நிறுவனத்தின் மென்பொருளில் அது இருந்தது. மாற்று ஸ்டோரேஜ் ஒன்றை இரவல் வாங்கி, அதிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டோம். ரெப்ளிகேஷன் என்பது நல்லதோடு கெட்டதையும் அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைத் தாக்கியபோது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பேட்ச் வந்துவிட்ட ஓட்டை வழியாக நுழைந்ததாகத்தான் எச்சரிக்கைகள் சொன்னன. அப்படி ஒன்று நுழைந்தால், பூட்டப்பட்ட டிஸ்க்கும் விசுவாசமாக ரெப்ளிகேட் ஆகும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்காக கூகுள் கிளவுடில் ஓடிய விஎம்வேர் தனியார் கிளவுட் அழிந்துபோனது. அமைக்கும்போது ஓர் அளவுருவை வெறுமையாக விட்டதால் ஓராண்டுக் கெடு விழுந்து, கெடு முடிந்ததும் தானாகவே நீக்கப்பட்டது என்று கூகுளே பின்னர் விளக்கியது. மீண்டு வர, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

இனி பணம். மீட்பு 4 மணி நேரத்தில் முடியவில்லையே என்று இழப்பீடு கேட்டோம். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு வரியைக் காட்டினார்கள். அந்த 4 மணி நேரம் பேரிடர் நடந்த நொடியிலிருந்து ஓடாதாம், அவர்கள் 'பேரிடர்' என்று முறைப்படி அறிவித்த பிறகுதான் ஓடத் தொடங்குமாம். மறுநாள் வேலை பெரும்பாலும் முடிந்த பிறகுதான் அறிவித்தார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் விதிமீறலே இல்லை. ஏதோ பெருந்தன்மையாக, அடுத்த மாத பில்லில் ஒரு சிறு பங்கைக் கழிக்கிறோம் என்றார்கள். அதையும் நாங்கள் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டால்தான் தருவார்களாம். வியாபாரம் நின்றதால் வந்த நஷ்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீங்கள் இன்றே பார்க்கக் கூடியது: மீட்புத் தளத்து விசென்டரில் கன்டென்ட் லைப்ரரியின் எடிட் செட்டிங்ஸைத் திறங்கள். உள்ளடக்கம் உடனே இறங்குமாறு இருக்க வேண்டும். 'தேவைப்படும்போது' என்றிருந்தால் இன்றே மாற்றி, எல்லாம் இறங்கி முடிந்ததா என்று பாருங்கள். போர்ட்டலின் பச்சையை நம்பாமல், ஒவ்வொரு விஎம்முக்கும் கடைசியாக முடிந்த நகலின் நேரத்தைக் கேளுங்கள். அடுத்த டிரிலில் லிங்கைத் துண்டிக்கச் சொல்லுங்கள். விஎம் பவர் ஆன் ஆனதைக் காட்டினால் போதாது. உங்கள் ஆட்கள் உள்ளே நுழைந்து, ஒரு பரிவர்த்தனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்க வேண்டும். மீட்புத் தளத்தில் சிபியு, மெமரி உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா, மற்ற வாடிக்கையாளர்களோடு பொதுவா என்பதையும் கேளுங்கள். பேரிடரை அறிவிக்கும் உரிமை உங்கள் கையில் இருக்குமாறு ஒப்பந்த வரியை மாற்றுங்கள். மாற்ற மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நாங்கள் கடிதம் கொடுத்துவிட்டோம். அந்தப் பக்கம் கிடக்கும் எங்கள் விஎம்களை ஓவிஎஃப்பாக (வேறு இடத்தில் ஏற்றக்கூடிய ஃபைல் வடிவம்) எடுத்துத் தரத் தனிக் கட்டணம், டேட்டா வெளியே வருவதற்கு ஜிபி கணக்கில் இன்னொரு கட்டணம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டையும் கட்ட மறுத்திருக்கிறோம். எல்லா நகல்களையும் அழித்ததற்கு எழுத்துச் சான்று கேட்டிருக்கிறோம், அது இன்னும் வரவில்லை.