அமெரிக்க வீடு கட்டுவோர் சங்கம்: சந்தாவுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன?

என்ஏஎச்பி எனப்படும் அமெரிக்க தேசிய வீடு கட்டுவோர் சங்கம் 1942-இல் தொடங்கப்பட்டது. இதில் சேர வாஷிங்டன் தலைமையகத்துக்கு எழுதிப் போட வேண்டியதில்லை. உங்கள் வட்டாரக் கிளையில் சேர்ந்தால் போதும், மாநிலச் சங்கமும் தேசியச் சங்கமும் அதே சந்தாவுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்றடுக்கைப் புரிந்துகொள்ளாமல் சேருகிறவர்கள்தான் ஒரே வருடத்தில் ‘ஒன்றுமே கிடைக்கவில்லை’ என்று விலகிப் போகிறார்கள். தவறான கதவைத் தட்டினால் அப்படித்தான் ஆகும்.

எந்த வேலை எந்த அடுக்கில் நடக்கிறது என்பதற்கு ஸ்பிரிங்க்ளர் விவகாரம் நல்ல உதாரணம். ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் வசிக்கும் புது வீடுகளிலும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று 2009-ஆம் ஆண்டின் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு சொன்னது. அதை வெளியிடுவது ஐசிசி (கிரிக்கெட் ஐசிசி அல்ல, இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்). அங்கே பில்டர்கள் திருத்தம் முன்வைக்கலாம், விசாரணையில் எழுந்து பேசலாம். ஆனால் இறுதி ஓட்டு அரசுத் தரப்பு உறுப்பினர்களுக்கு மட்டுமே. ஸ்பிரிங்க்ளர் கட்டாயத்தை எதிர்த்த சங்கம் அங்கே தோற்றது. ஆனாலும் விதித்தொகுப்பு தானாகச் சட்டம் ஆகிவிடாது, மாநிலமோ நகரமோ ஏற்க வேண்டும். மாநிலச் சங்கங்கள் பல மாநிலங்களில் அந்தப் பிரிவை நீக்க வைத்தன. மாநிலம் முழுக்க அதைக் கட்டாயமாக்கியவை கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும்தான். தீயணைப்புத் துறையினருக்கு இதில் இன்றும் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சங்கம் வாதாடுவது கட்டுகிறவரின் செலவுக்காக, குடியேறுகிறவருக்காக அல்ல. அதைத் தெரிந்தே சேர வேண்டும்.

ஊர் மட்டத்தில் பெரிய தலைவலி பெர்மிட் தாமதமும் இம்பேக்ட் ஃபீயும். புது வீட்டால் சாலைக்கும் பள்ளிக்கும் வரும் கூடுதல் சுமைக்கு என்று வசூலிக்கும் இந்தக் கட்டணம், கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே கையைக் கடிக்கும். கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), ஒரே ஒரு வீட்டுக்குச் சாலைக் கட்டணமாக 23,420 டாலர் கேட்டது. அந்த வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சட்டமன்றமோ கவுண்டி மன்றமோ பொதுவாக விதித்த கட்டணம் என்பதாலேயே அதற்கு, கட்டணம் புது வீட்டால் வரும் சுமைக்கு ஈடானதா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை என்று சொன்னது. எவ்வளவு துல்லியமான கணக்கு வேண்டும் என்பதை அது தீர்க்கவில்லை. என்றாலும் நல்ல கிளை இதைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டண உயர்வு விசாரணைக்கு வரும்போதே ‘இந்தத் தொகை எப்படி வந்தது, கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்கும். தீர்மானம் நிறைவேறிய பிறகு கேட்டால் வக்கீல் செலவுதான் மிஞ்சும்.

குறையோடு கிளைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. பெர்மிட் எண், வரைபடம் கொடுத்த தேதி, அது திரும்பி வந்த ஒவ்வொரு தேதி, திருத்தக் குறிப்பில் உள்ள விதிப் பிரிவு எண், அது எந்த ஆண்டுப் பதிப்பு, இவ்வளவும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பேசுவதும் உண்டு, பில்டர் பேசுவதும் உண்டு. எந்தப் பதிப்பு என்று பார்த்தாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். அதே சிக்கல் உள்ள இன்னும் மூன்று நான்கு உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளின் சண்டையைக் கிளை ஊழியர் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார். அடுத்த மாதமும் அதே அதிகாரியின் முன்னால் அவர் உட்கார வேண்டுமே.

உறுப்பினர் தள்ளுபடிகளை நம்பிச் சேர வேண்டாம். வருடாந்திரக் கட்டுமானக் கண்காட்சியான பில்டர்ஸ் ஷோவுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, போகிறவர்களுக்கு லாபம். பயிற்சிகளில் முதியோர் வசிக்க ஏற்றபடி வீட்டை மாற்றியமைக்கக் கற்றுத்தரும் கேப்ஸ் சான்றிதழ், ரீமாடலிங் செய்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும். பில்டர்களிடம் கேட்டு சங்கம் மாதாமாதம் வெளியிடும் வீட்டுச் சந்தைக் குறியீட்டில் 50-தான் நடுக்கோடு. அதற்குக் கீழே போனால், சந்தை நன்றாக இல்லை என்று சொல்லும் பில்டர்களே அதிகம் என்று பொருள். ஆனால் இது உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் இலவசம். பாதகமான விதி ஒன்றைச் சங்கம் தடுத்தால் அதன் பலனும் அப்படித்தான், சந்தா கட்டாத போட்டியாளருக்கும் போய்ச் சேரும். உறுப்பினருக்கு மட்டும் கிடைப்பது முன்கூட்டியே வரும் தகவலும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும்.

அந்த ஆள் இருக்கிறாரா என்பதில்தான் கிளைக்குக் கிளை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நகர மன்றக் கூட்டங்களைக் கவனிக்கத் தனி ஊழியர் உண்டா, கடந்த வருடம் எந்தெந்த விசாரணையில் பேசினார்கள் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். கோல்ஃப் போட்டியையும் விருந்தையும் மட்டும் காட்டினால் நகர்ந்துவிடலாம். உறுப்பினர்களில் பெரும் பங்கு பொருள் விற்பவர்களும் சப்-கான்ட்ராக்டர்களும்தான். அவர்களோடு பழக்கம் கிடைப்பது நல்லதே. ஆனால் கூட்டத்தில் விலை, கூலி நிர்ணயம் பற்றிப் பேச்சு எழுந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள், அது போட்டிச் சட்டத்தில் மாட்டிவிடும்.

வருமான வரியில் முழுச் சந்தாவையும் தொழில் செலவாகக் காட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. லாபி செய்வதற்கு, அதாவது சட்டம் இயற்றுபவர்களிடம் வாதாடுவதற்குப் போகும் பங்குக்குக் கழிவு கிடையாது. எத்தனை சதவீதம் என்பதைச் சந்தா பில்லில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் கிளையிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.